பதின்வயதினருக்கான கவிதை நாவல்: ஒரு துயரக் கதையை எழுதி அச்சுக்குக் கொண்டுபோவது எப்படி?

கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நாவல் எழுதச் சொல்லிக்கொடுக்கவும் இருக்கிறார்கள். இரண்டும் கலந்த கவிதை நாவலுக்கு வந்தால்தான் ஒவ்வொரு படியிலும் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. இந்த வடிவத்தில் பக்கத்தின் பாதி காலியாக இருக்கும். அந்தக் காலி இடமும் நீங்கள் எழுதியதுதான். ஆனால் தட்டச்சு செய்பவர், பக்கம் கட்டுபவர், மின்னூல் ஆக்குபவர், அச்சகக்காரர் எல்லாருக்கும் அது வீணாகக் கிடக்கும் தாளாகவே தெரியும். ஆளுக்குக் கொஞ்சம் இழுத்து மூடப் பார்ப்பார்கள்.

யாரையாவது இழந்த ஒரு பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை மெல்ல மெல்ல மீண்டு வரும் கதையை இந்த வடிவத்தில் எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையை முடிப்பதற்குள் பட்ட அல்லல் உங்களுக்கு வேண்டாம். எழுத்து வேலையோடு காகித வேலை, செலவு, காலக்கணக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. இந்தக் கதைக்கு இந்த வடிவம் வேண்டுமா என்று பாருங்கள்

கவிதை நாவல் என்றால் ஒரே கதையை நூறு, நூற்றைம்பது சிறு கவிதைகளில் சொல்வது. பெரும்பாலும் புதுக்கவிதை நடை. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு இருக்கும். பேசுவது பெரும்பாலும் ஒரே ஆள், 'நான்' என்று. கவிதைத் தொகுப்பு வேறு, இது வேறு. நடுவிலிருந்து ஒரு கவிதையை உருவி எடுத்துப் பாருங்கள். கதை பல் விழுந்த வாய் மாதிரி தெரிய வேண்டும். உருவியதே தெரியவில்லை என்றால் அந்தக் கவிதைக்கு அங்கே வேலை இல்லை.

துப்புத் துலக்கும் கதை, பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள், கிளைக் கதைகள் என்றால் உரைநடைக்கே போய்விடுங்கள். துயரக் கதைக்கு இந்த வடிவம் பொருந்துவதற்குக் காரணம், துயரத்தில் இருக்கும் பிள்ளை முழு வாக்கியமாகப் பேசாது. பாதி சொல்லும், நிறுத்தும், வேறு எதையோ பேசும். அந்த நிறுத்தங்களை உரைநடையில் 'அவள் சற்று மௌனமானாள்' என்று எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு வரியை விட்டுவிட்டால் போதும்.

அளவையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தமிழில் 12,000 முதல் 18,000 சொற்கள் தாராளம் என்பது என் கணிப்பு. உரைநடையில் இது ஒரு குறுநாவல் அளவுதான். கவிதையில் பக்கத்துக்கு 75 சொல் என்று வைத்துக்கொண்டால் 15,000 சொல்லுக்கே 200 பக்கம். இந்தக் கணக்கை எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வையுங்கள். செலவு பற்றிப் பேசும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

2. துயரம் பற்றி ஒரு வாரமாவது படியுங்கள்

எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் எடுப்பது 'துயரத்தின் ஐந்து கட்டங்கள்': மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. புத்தகத்தை ஐந்து பாகமாகப் பிரித்து, பாகத்துக்கு ஒரு கட்டம் என்று பெயரும் வைத்துவிடுவார்கள். வேண்டாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்தக் கட்டங்களைப் பற்றி எழுதியது, தாமே சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. உறவை இழந்தவர்கள் ஏறிப் போக வேண்டிய படிக்கட்டாக அது பின்னால் ஆகிவிட்டது. நிஜத்தில் எல்லாரும் அந்த வரிசையில் போவதில்லை. 

கதை கட்டுவதற்கு உதவுவது வேறொன்று. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த இரட்டைப் போக்கு மாதிரி. இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் இருக்கிறார்: அழுகை, நினைவு, பழைய படங்கள். இன்னொரு நேரம் வாழ்க்கையைத் திருப்பிக் கட்டும் பக்கம்: தேர்வு, புது வேலைகள், நண்பர்கள். இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறார். அந்த ஆட்டம்தான் மீட்சி என்கிறார்கள். மத்தியானம் நண்பர்களோடு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, சிரித்ததற்காகவே ராத்திரி அழும் பிள்ளையை நமக்குத் தெரியும். உங்கள் கவிதைகளின் வரிசையும் அப்படி ஆட வேண்டும். தொடர்ந்து ஐந்து கவிதை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஆறாவதை மறு பக்கம் தள்ளுங்கள். நடுப்பகுதி தொய்வதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, முடிவு பற்றியது. 'போனவரை மறந்து முன்னே நடப்பது' என்ற பழைய எண்ணத்துக்கு மாறாக, உறவு வேறு வடிவில் தொடர்கிறது என்ற பார்வை 1996இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்புக்குப் பிறகு வலுப்பட்டது. ஆகவே கடைசிக் கவிதையில் கதாநாயகி எதையும் கடலில் கரைக்க வேண்டாம், வானத்தில் பறக்கவிட வேண்டாம். இறந்துபோன அண்ணனோடு மனசுக்குள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாம்.

3. கவிதைக்கு முன் ஒரு நாட்காட்டி போடுங்கள்

கவிதை நாவலில் காலம் சுலபமாகத் தொலையும். உரைநடையில் 'மூன்று வாரம் கழித்து' என்று எழுதிவிடலாம். இங்கே ஒவ்வொரு கவிதையும் ஒரு நொடியில் நிற்கிறது, வாசகர் எங்கே இருக்கிறோம் என்று தடவுவார்.

ஒரு விரிதாளைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: கவிதை எண், கதையில் என்ன தேதி, என்ன நடக்கிறது, ஆட்டம் எந்தப் பக்கம், அந்தக் கவிதையில் வரும் பொருள். இறப்பு நடந்த நாளைப் பூஜ்யமாக வைத்து எண்ணுங்கள். வகுப்புக்குத் திரும்பும் நாள், போனவரின் பிறந்தநாள், முதல் தேர்வு, முதல் ஆண்டு நினைவுநாள் என்று நான்கைந்து நாட்கள் தூண் மாதிரி தாமாகவே நின்றுவிடும்.

கதை எத்தனை மாதம் ஓட வேண்டும்? நான்கு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் கதையை எந்தப் பிள்ளையும் நம்பாது. மறுபக்கம், இரண்டாவது மாதமே பாத்திரத்துக்கு நோய்ப் பெயர் சூட்டிவிடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் 2022இல் சேர்க்கப்பட்ட 'நீடித்த துயரக் கோளாறு' என்ற நிலையை, பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம், பிள்ளைகளுக்கும் பதின்வயதினருக்கும் 6 மாதம் கடந்த பிறகே கணக்கில் எடுக்கிறார்கள். ஆலோசகர் ஒருவர் கதையில் வருகிறார் என்றால் இந்தக் காலக்கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

4. இனி எழுதுங்கள்: வரி எங்கே முறிகிறது என்பதே வேலை

புதிதாக வருகிறவர்களின் முதல் வரைவில் நான் அதிகம் பார்ப்பது இது:

அண்ணன் போன பிறகு
எனக்கு மிகவும் துயரமாக இருந்தது
வீடு முழுக்க
வெறுமை நிறைந்திருந்தது

நான்கு வரியையும் ஒட்டிவிடுங்கள். சாதாரண வாக்கியம், அதிலும் சோர்ந்துபோன வாக்கியம். வெட்டியதால் எதுவும் கூடவில்லை. இதே வீட்டை இப்படிப் பாருங்கள்:

விருந்தாளி கேட்கிறார்:
வைஃபை கடவுச்சொல் என்ன?

அண்ணன் வைத்தது.
அவன் பெயர்,
அவன் பிறந்த ஆண்டு,
கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி.

அம்மா எழுந்து உள்ளே போகிறாள்.

நான்
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறேன்.

துயரம் என்ற சொல் இல்லை. ஒரு பொருள், ஒரு செயல், ஒருவர் எழுந்து போவது, அவ்வளவுதான். இப்படி ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் கவிதை தானாக நிற்கும். இது புது வித்தையும் அல்ல. பாரியின் மகள்கள் பாடியதாகப் புறநானூற்றில் இருக்கும் 112ஆம் பாட்டு ஐந்தே அடி. தகப்பனை இழந்த இரண்டு இளம்பெண்கள் பாடியது. கண்ணீர் என்ற சொல்லே கிடையாது. போன மாத நிலாவில் எங்களிடம் என்ன இருந்தது, இந்த மாத நிலாவில் என்ன இல்லை என்ற கணக்கு மட்டும். எழுதத் தொடங்கும் முன் அதை ஒருமுறை சத்தமாகப் படித்துவிடுங்கள்.

வரி முறிப்பில் தமிழுக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆக, வினையை அடுத்த வரிக்குத் தள்ளினால் வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நல்ல ஆயுதம், ஆனால் பக்கத்துக்கு ஒருமுறைக்கு மேல் எடுத்தால் மழுங்கிவிடும். 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லைத் தனி வரியில் வைப்பதும் அப்படியே. புத்தகம் முழுக்க இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கறாரான கருத்து.

அடுத்து ஒற்று. 'அவனைப் பார்த்தேன்' என்பதை 'அவனை' என்ற இடத்தில் முறித்தால் வரிக் கடைசியில் 'ப்' வருமா, வராதா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. வரி முறிவு வெறும் கண் நிறுத்தம் என்றால் ஒற்றைப் போடுங்கள். பேச்சே நின்று தொடங்குகிறது என்றால் விட்டுவிடுங்கள். எதை எடுத்தாலும் ஒரு தாளில் எழுதி வைத்துப் புத்தகம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். எழுதி வைக்காவிட்டால், மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு விதியோடு வருவார், நீங்கள் இன்னொரு விதியோடு நிற்பீர்கள், நூற்றைம்பது கவிதையையும் திரும்பத் தடவ வேண்டியிருக்கும்.

பேச்சு நடையிலும் அதே கதைதான். சொல்லுகிற குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடல் பேச்சுத் தமிழில் இருக்கட்டும் என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல் தீரும். முழுக்கப் பேச்சு நடை என்றால் 'போய்ட்டான்', 'போயிட்டான்' இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக் குறிப்பு ஒன்று. கணினியில் எழுதத் தொடங்கும் அன்றே பக்க அளவைப் புத்தக அளவுக்கு மாற்றிவிடுங்கள். டெம்மி என்றால் அகலம் ஐந்தரை அங்குலம், உயரம் எட்டரை. ஓரங்கள் போக நான்கு அங்குலம் மிஞ்சும். 11 புள்ளி எழுத்தில் வரிக்கு நான்கைந்து சொல்தான் நிற்கும். பெரிய தாளில் எழுதிவிட்டு, அச்சில் உங்கள் நீள வரிகள் எல்லாம் மடங்கிக் கிடப்பதைப் பார்த்து நொந்து பயனில்லை.

முதல் வரைவுக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஒதுக்குங்கள். முடித்ததும் ஒரு மாதம் தொடாதீர்கள். சொந்த இழப்பிலிருந்து எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியை இரண்டு மாதமாக்கிக்கொள்வது நல்லது.

5. தற்கொலை பற்றிய கதை என்றால்

இங்கே கவித்துவத்தைவிட எச்சரிக்கை முக்கியம். இந்த விஷயத்தில் ஊடகத்தினருக்கும் திரைத்துறையினருக்கும் உலகச் சுகாதார நிறுவனம் தனித்தனி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், இறக்கிப் படியுங்கள். எழுத்தாளருக்குத் தேவையான சாரம் இவ்வளவு: எந்த முறையில் என்று விவரிக்காதீர்கள். இடத்தை அடையாளம் காட்டாதீர்கள். அதை ஒரு தீர்வாகவோ, காதலின் உச்சமாகவோ, பழிவாங்கலாகவோ காட்டாதீர்கள். ஒரே காரணத்தின் தலையில் கட்டாதீர்கள். புத்தகத்திலேயே உதவி எங்கே கிடைக்கும் என்ற தகவல் இருக்கட்டும்.

இறந்தவர் எழுதி வைத்த கடிதத்தைக் கவிதையாக்கிப் போடும் ஆசை பலருக்கு வரும். அதையும் விட்டுவிடுங்கள். அந்தக் கடிதம் கிடைக்கவே இல்லை என்று வைத்தால் கதை இன்னும் கனக்கும்.

6. எழுத்தில் வாங்க வேண்டிய அனுமதிகள்

இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் பாட்டு வரிகள். துயரக் கதையில் எப்படியும் ஒரு பாட்டு வந்துவிடும். பாட்டின் பெயரைச் சொல்லலாம், அதற்கு அனுமதி தேவைப்படுவதில்லை. வரிகளை எடுத்துப் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும், அது பெரும்பாலும் பாடலாசிரியராகக்கூட இருக்க மாட்டார், இசை உரிமையை வாங்கிய நிறுவனமாக இருக்கும். 'இரண்டு வரிதானே, சும்மா போடலாம்' என்பது பரவலான தப்பெண்ணம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் இறந்து குறைந்தது 50 ஆண்டு பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகளில் இன்னும் நீளம். எளிய வழி, பாட்டை நீங்களே எழுதிவிடுவது. கவிதைதானே எழுதுகிறீர்கள்.

அடுத்து, நிஜ மனிதர்கள். இறந்த நண்பரின் கடிதம், குறுஞ்செய்தி, நாட்குறிப்பு கையில் இருக்கலாம். தாள் உங்களுடையது, ஆனால் எழுதியவற்றின் உரிமை எழுதியவருக்கும் அவருக்குப் பின் வாரிசுகளுக்கும். குடும்பத்திடம் ஒரு பக்க ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அதில் எந்தப் பகுதி, எந்தெந்த வடிவங்களில் (அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு), பெயர் மாற்றப்படுமா என்ற மூன்றும் இருக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதம் போதாது. துயரத்தில் இருக்கும் குடும்பம் இன்று சரி என்று சொல்லும், புத்தகம் வந்ததும் மனம் மாறும். அது அவர்கள் தப்பும் அல்ல.

7. முன்வாசகர்கள், பிறகு செம்மையாக்கம்

மூன்று வகை வாசகர்கள் தேவை: கவிதை படிக்கும் ஒருவர், துயர ஆலோசனையில் அனுபவமுள்ள ஒருவர், பதின்வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்கி, கதை எதைப் பற்றியது என்றும் சொல்லிவிடுங்கள். அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளையிடம் வரைவைக் கொடுத்துக் கருத்துக் கேட்காதீர்கள்.

'நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். 'எந்த இடத்தில் தாண்டிப் படித்தாய்?' என்று கேளுங்கள். ஆறு வாரம் கொடுங்கள்.

செம்மையாக்குநரைத் தேடும்போது கவிதை, கதை இரண்டும் பார்த்தவரா என்று விசாரியுங்கள். உரைநடை மட்டும் பார்ப்பவர் உங்கள் முறிந்த வாக்கியங்களை எல்லாம் நிரப்பிக் கொடுத்துவிடுவார். நீங்கள் எழுதி வைத்த ஒற்று, பேச்சுநடை விதித்தாளையும் பிரதியோடு சேர்த்தே கொடுங்கள். ஒரு நல்ல செய்தி: செம்மையாக்கத்துக்குச் சொல் கணக்கில் கட்டணம் வாங்குவோரிடம் போனால் கவிதை நாவலுக்குச் செலவு குறைவு.

8. பதிப்பகத்துக்கு அனுப்புவது, ஒப்பந்தம்

முழுப் பிரதி கையில் இல்லாமல் அனுப்பாதீர்கள். அனுப்ப வேண்டியவை:

- ஒரு பக்க அறிமுகக் கடிதம். கவிதை நாவல், எந்த வயதுக்கு, எத்தனை சொல், உத்தேசமாக எத்தனை பக்கம் என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.
- கதைச் சுருக்கம், முடிவு உட்பட, உரைநடையில். சுருக்கத்தையும் கவிதையாக எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பவர் பாவம்.
- தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 20, 25 கவிதைகள். 'சிறந்தவை' என்று பொறுக்கி அனுப்பினால் தொகுப்பு என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.
- பிடிஎஃப், வேர்டு இரண்டும். வேர்டு மட்டும் போனால் அவர்கள் கணினியில் வரி எப்படி மடங்கும் என்று சொல்ல முடியாது.

பதிலுக்கு மூன்று முதல் ஆறு மாதம் காத்திருங்கள். ஏற்றுக்கொண்டாலும் புத்தகம் வர ஓராண்டு ஆவது சகஜம்.

ஒப்பந்தத்தில் உரிமைத்தொகை எத்தனை சதவீதம் என்பதை எல்லாரும் பார்ப்பார்கள். அது அட்டை விலையிலா, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையிலா என்பதைப் பாருங்கள். கடைத் தள்ளுபடி போன பிறகு இரண்டுக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம் வரலாம். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைத் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். கவிதை நாவல் வாசித்துக் கேட்க ஏற்ற வடிவம், ஒலிநூல் உரிமையைச் சும்மா விட்டுவிடாதீர்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் எத்தனை மாதத்தில் உரிமை திரும்பும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இன்னொரு வரி, அதிகம் பேர் கேட்காதது: 'வரி அமைப்பும் இடைவெளியும் ஆசிரியர் ஒப்புதலின்றி மாற்றப்படா.'

உங்களிடமே காசு கேட்கிறார்கள் என்றால் அது பதிப்பு அல்ல, சேவை. சேவை வாங்குவதில் தப்பில்லை. அப்போது எல்லா உரிமையும், பக்கம் கட்டிய மூலக் கோப்புகளும் உங்களுக்கே வர வேண்டும்.

சொந்தமாகப் போடுகிறவர்கள், புத்தகத்தை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தங்கள் பெயரிலேயே வாங்குங்கள். 13 இலக்க எண், அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்குத் தனியாக ஒன்று. சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் கட்டணம். இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். எண் யார் பெயரில் பதிவாகிறதோ அவரே பதிப்பாளர் என்று ஆகிவிடும். பல நாடுகளில் தேசிய நூலகத்துக்குப் பிரதி அனுப்புவது சட்டப்படி கட்டாயம், அதையும் விசாரித்துவிடுங்கள்.

9. பக்க வடிவமைப்பு: செலவு ஏறும் இடம்

மேசைக்கு மேல் ஒட்டிய கணக்கை இப்போது எடுங்கள். பக்கம் கட்டுபவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார். மெய்ப்பும் பல இடங்களில் பக்கக் கணக்கு. தாளும் அச்சும் சொல்லவே வேண்டாம். ஆக, அதே 15,000 சொல்லுக்கு உரைநடை எழுத்தாளரைப் போல மூன்று மடங்கு கொடுக்கப்போகிறீர்கள். விலை பேசும்போது 'பக்கத்தில் சொல் குறைவு' என்பதை எடுத்துச் சொல்லுங்கள், பெரும்பாலானவர்கள் குறைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முடிவு: ஒவ்வொரு கவிதையும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா? 150 கவிதைகளையும் அப்படித் தொடங்கினால் 200 பக்கத்தைத் தாண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஐம்பது பக்கமாவது குறையும், ஆனால் புத்தகம் மூச்சுவிடாது. நடுவழி ஒன்று உண்டு. ஒரே நாளில் நடக்கும் குட்டிக் கவிதைகளை ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். கதை நின்று திரும்பும் இடங்களுக்கு முழுப் பக்கம் கொடுங்கள். இறப்புச் செய்தி வரும் கவிதைக்குப் பின் ஒரு முழு வெற்றுப் பக்கம் விடுவதானால், பக்கம் கட்டுபவரிடம் 'இது வேண்டுமென்றே' என்று எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் பிழை என்று நினைத்து எடுத்துவிடுவார்.

ஆஃப்செட் அச்சில் 16 பக்கம் ஒரு பாரம், அதாவது சேர்த்து அச்சடித்து மடிக்கும் ஒரு கட்டு. 208 பக்கம் என்றால் சரியாக 13 பாரம். உங்கள் புத்தகம் 211 பக்கத்தில் நிற்கிறதா? மூன்று பக்கத்தைக் குறையுங்கள், அல்லது அரைப் பாரம் சேர்த்து 216க்குக் காசு கொடுங்கள். எனக்குக் குறைப்பதே பிடிக்கும். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும், இந்தத் தலைவலி இல்லை, பிரதிக்கு விலை மட்டும் கூடும்.

எழுத்துரு விஷயத்தில் உஷாராக இருங்கள். இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பக்கம் கட்டுபவர்கள் உண்டு. அதில் யுனிகோடு வேலை செய்யாது. உங்கள் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். மாற்றத்தில் 'கௌ' என்ற ஓரெழுத்து 'கெ', 'ள' என்று இரண்டெழுத்தாகும், மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும், கவிதைகளுக்குள் நீங்கள் விட்ட வெற்று வரிகள் காணாமல் போகும். இன்டிசைன் என்ற மென்பொருளில் யுனிகோடாகவே கட்டுபவரைத் தேடுங்கள். அதிலும் 'வேர்ல்டு ரெடி கம்போஸர்' என்ற அமைப்பை இயக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு எழுத்தின் தவறான பக்கத்தில் போய் நிற்கும். வரியை உள்ளே தள்ள நீங்கள் ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி வைத்திருந்தால் அதுவும் உடையும். உள்தள்ளலைப் பத்தி அமைப்பில் செய்யுங்கள்.

10. மின்னூலும் சோதனைப் பிரதியும்

மின்னூலில் வாசகர் எழுத்தைப் பெரிதாக்குவார். உடனே உங்கள் வரி மடங்கும். மடங்கிய துண்டு புது வரி போலத் தெரியாமல், கொஞ்சம் உள்தள்ளி வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். கவிதை நூல்களில் பழக்கமான ஏற்பாடுதான், ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். பக்கத்தைப் படம் மாதிரி நிலையாக வைக்கும் மின்னூல் வடிவம் வேண்டாம்; சிறிய கைப்பேசியில் படிக்கவே முடியாது. பதின்வயது வாசகர்களில் நிறையப் பேர் படிப்பது அதில்தான்.

அச்சுக்கு முன் ஒரே ஒரு சோதனைப் பிரதி எடுத்து, கையில் புத்தகமாகப் புரட்டுங்கள். திரையில் பார்த்தது கணக்கில் வராது. மூன்றை மட்டும் தேடுங்கள்: ஒற்றை வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிய கவிதைகள், பக்கம் திரும்பும் முன்பே எதிர்ப்பக்கத்தில் கண்ணில் பட்டுவிடும் முக்கிய வரிகள், தைத்த ஓரத்துக்குள் விழுங்கப்பட்ட எழுத்துகள். இதற்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், திருத்தி இன்னொரு பிரதி எடுக்க வேண்டிவரும்.

கடைசிப் பக்கத்தில் உதவி எண்கள் போட்டிருப்பீர்கள். அந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். அச்சுக்குக் கோப்பு போகும் நாளன்று ஒவ்வோர் எண்ணையும் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.